பெல்லட் அடுப்பும் சந்தன நிறப் பட்டும்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவனுக்கு எல்லா இயந்திரமும் தெரியும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவனுடைய மாமியார். இன்னொருவர் அவனே. எனக்குக் கல்யாணமான முதல் வருடம், ரிச்சர்ட்ஸ் டவுனில் மாமியார் வீட்டின் பின்கட்டில், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நம்பிவிட்டோம்.

மாமியார் கேட்டரிங் செய்பவர். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டில் எரியும் பெரிய அடுப்பு ஒன்று வைத்திருந்தார். அடியில் ஒரு ஃபேன் காற்றை ஊதும். நடுவில் உள்ள இரும்புக் கிண்ணத்தின் ஓட்டைகள் வழியாக அது மேலே வரும். புகையில்லாமல் எரியும் என்பது விற்றவரின் வாக்கு.

அன்று என் மச்சினி ஜெனிஃபருக்கு நிச்சயதார்த்தம். எண்பது பேருக்குப் பிரியாணி. காலை பத்து மணிக்கு அடுப்பு ரயில் இன்ஜின் மாதிரி புகைந்தது.

சமையல்காரர் முனிரத்தினம் நெருப்பை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "கார்பன் கட்டிக்கிச்சும்மா. ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு. ஆறுனப்புறம் கிண்ணத்த வெளிய எடுத்துத்தான் சுரண்டணும். இன்னிக்கு பக்கத்து வீட்டு கேஸ் அடுப்ப கேட்டு வாங்கிடலாம்."

"எதுக்கு? நம்ம மாப்பிள்ளை மெக்கானிக்கல்தானே!" என்றார் மாமியார்.

(மெக்கானிக்கல்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதற்குள் நான் கழற்றியிருந்த ஒரே இயந்திரம் டிவி ரிமோட். அதுவும் பேட்டரி மாற்ற.)

"பத்து நிமிஷம் அத்தை," என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கிண்ணத்தை வெளியே எடுக்கவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படி எடுப்பது என்று தெரியாது என்பதுதான் உண்மை. தீய்ந்த தோசைபோல் ஒட்டியிருந்த கார்பன் குத்தக் குத்த உதிர்ந்தது. ஒவ்வொரு ஓட்டையாகத் திறந்தது. உதிர்ந்ததெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் எனக்கு எழவில்லை. எல்லாம் அடியில், ஃபேன் வாய்க்கு நேராகக் குவிந்துகொண்டிருந்தது.

சந்தாபுராவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. சந்தன நிறப் பட்டுச் சேலையில் நேராகப் பின்கட்டுக்கே வந்தார். பின்னால் அவர் கணவர்.

"என்ன தம்பி, நீங்க போய் வேலை செய்றீங்க?"

"அடுப்பு கொஞ்சம் புகைஞ்சுது ஆன்ட்டி. இப்ப பாருங்க, புகையே வராது."

"சார், பேடா! பேடா சார்!" வேண்டாம் என்று தமிழில் கத்தக்கூட மறந்து, பதற்றத்தில் முனிரத்தினம் கன்னடத்துக்குத் தாவினார். நான் ஃபேனை முழு வேகத்தில் போட்டேன்.

ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரி. புகை வரவில்லை.

கரித்தூள் கூரைவரை எழுந்து, நிதானமாக இறங்கியது. சம்பந்தியம்மாவிடம் கண் இரண்டும் மட்டும் வெள்ளையாக இருந்தன. உதவும் எண்ணத்தில் கையிலிருந்த துணியை நீட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான், அது அடுப்பைத் துடைத்த துணி என்று நினைவுக்கு வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெனிஃபர் வாசற்படியிலேயே அழ ஆரம்பித்தாள். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். மாமியாரின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"மெக்கானிக்கல், ஆன்ட்டி."

அவர் மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, உங்க ஆளு."

அந்தப் பெரியவர் தரையைப் பார்த்தார். சம்பந்தியம்மா சிரித்தார். "அழாதம்மா. இவரு எங்க வீட்டு மிக்ஸிய ரிப்பேர் பண்ணி, இன்னும் சீலிங்ல சட்னி இருக்கு."

பிரியாணி பக்கத்து வீட்டு கேஸ் அடுப்பில் மூன்று மணிக்குத் தயாரானது. சம்பந்தியம்மா என் மாமியாரின் ஆரஞ்சு நிறச் சேலையில் மோதிரம் மாற்றுவதைப் பார்த்தார். மறுநாள் ஆறிப்போன அடுப்பிலிருந்து முனிரத்தினம் கிண்ணத்தைத் தூக்கி வெளியே வைத்து, சாம்பலைக் கொட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து முடித்தார். பத்து நிமிடம்தான் ஆனது. நான் தூரத்திலிருந்து பார்க்க அனுமதிக்கப்பட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வெள்ளை உடுத்தினாலும், கிளம்புமுன் என் மனைவிக்கு ஃபோன் செய்து, நான் வருகிறேனா என்று கேட்டுக்கொள்கிறார்கள். போன மாதம் ஜெனிஃபரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். முதல் ஃபோன் சம்பந்தியம்மாவிடமிருந்து.

"குழந்தைக்கு வெள்ளை கவுன்மா. உன் வீட்டுக்காரர கடைசி பெஞ்சுல உக்கார வை."

உட்கார்ந்தேன். பக்கத்தில் அவருடைய கணவரும் இருந்தார்.