அப்பா தலையில் பத்தாயிரம் கிலோமீட்டர்

தூரஞ்சொல்லி என்றோர் இனம் உண்டு. யாரோ வெளிநாடு போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், என்ன வேலை, எங்கே தங்கல், குளிர் தாங்குமா என்று எதுவும் கேட்காமல், "நேரா போற ஃபிளைட்டா, எறங்கி மாறணுமா?" என்று ஆரம்பித்து, தூரத்தையும் நேரத்தையும் தானே சொல்லி, நீங்கள் டிக்கெட்டை எடுத்து நீட்டினால் அந்த டிக்கெட்டைப் பார்த்துப் பரிதாபப்படும் இனம். டிக்கெட்டில் இருப்பது பொதுமக்களுக்கு. உண்மை அவருக்கு மட்டும். அவர் விமானம் ஏறியிருக்கிறாரா? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

தையற்காரர் ஒருவருக்கு அப்படியொரு மச்சான் வாய்த்திருந்தார். மகள் முதல் தடவையாகக் கடல் தாண்டி வேலைக்குப் போகிற நாள். வாசலில் கார். அப்பாவுக்கு ஒரே ஆசை: விமான நிலையம் வரை மகள் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அந்த நேரம் பார்த்து அம்மா கேட்டுவிட்டாள்.

"போய்ச் சேர எவ்வளவு நேரம்டி ஆகும்?"

மகள் வாயைத் திறந்தாள். மாமா முந்திக்கொண்டார்.

"பதினாலு மணி நேரம்க்கா. பத்தாயிரம் கிலோமீட்டர். ஆனா மேப்புல இருக்கற மாதிரி நேராப் போகாது. பனிப் பக்கமா வளைஞ்சு போகும்."

"எதுக்குடா வளையணும்? பொண்ணு தனியாப் போறா. நேராவே போகச் சொல்லு!"

"வளைவுதான்க்கா குறுக்கு வழி. அத்தான், இப்படி உட்காருங்க."

அத்தான் ஸ்டூலில் அமர்த்தப்பட்டார். அந்தத் தலையில் முடி விடைபெற்றுப் பல காலம். பூமிக்கு அதைவிடப் பொருத்தமான உருண்டை அந்த வீட்டில் இல்லை. இடது காதுக்கு மேலே நம் ஊர். வலது காதுக்கு மேலே அந்த ஊர். மாமா நூல்கண்டை எடுத்து முதலில் நெற்றியைச் சுற்றி இழுத்தார், பிறகு உச்சி வழியாக இழுத்தார். "பார்த்தியாக்கா? உச்சி வழியா நூல் மிச்சம். பனியெல்லாம் இங்கதான்" என்று ஒரு தட்டு.

"மச்சான், கார் நிக்குது..."

"அத்தான், பூமி பேசாது."

"நடுவுல எங்கயும் நின்னுடாதுல்லடா?" என்றாள் அம்மா.

"நிக்காது. எதிர்காத்து அடிச்சா லேட்டாகும், அவ்வளவுதான்" என்று மாமா அத்தானின் உச்சியில் ஊதியும் காட்டினார்.

ஹாரன் அலறியது. "அப்பா, நேரமாச்சு, நான் ஏர்றேன்!" என்று வாசலிலிருந்து மகளின் குரல். அப்பா எழப் பார்த்தார்.

"அசையாதீங்க, ரெண்டு ஊரும் நழுவுது!"

கார்க் கதவு சாத்தும் சத்தம் இரண்டு ஊர்களிலும் கேட்டது.

பூமி எழுந்தது. மாமாவைத் தள்ளிவிட்டு, ஒற்றைச் செருப்போடு, காதில் மாட்டிய நூலின் மறுமுனையில் நூல்கண்டு உருண்டுவர, ஓடிப் போய்க் காருக்குள் விழுந்தது.

"என்னப்பா தலையில?"

"நீ போற வழிம்மா. நகர்ந்து உட்காரு."

பெண் விமானத்தைப் பிடித்தாளா? பிடித்தாள். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனாரா? போனார். உங்களுக்கும் இந்தக் கேள்விகள்தான் தோன்றின என்றால் பிழைத்தீர்கள். அதை விட்டுவிட்டு, 'பத்தாயிரத்துக்குப் பதினாலு மணியா? பன்னிரண்டுதானே வரணும்? அது எந்த ஊர்?' என்று விரல் மடக்கிக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் கணக்கு சரிதான் ஐயா. ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கொஞ்சம் தள்ளுங்கள், யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள்.