காலி ஆணியும் சிவக்காத ஏரியும்

காலை ஆறு நாற்பது. படிகள் நூற்று முப்பத்தொன்று. பெயர் இல்டா.

நாற்பது வருடம் நாளிதழில் நிருபராக இருந்தவன் நான். நேரம், எண்ணிக்கை, பெயர் மூன்றும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். மீதியை ஆசிரியர் வெட்டினாலும் செய்தி நிற்கும். 2004 ஆகஸ்ட் ஏழாம் தேதி சனிக்கிழமை வெட்டுப்பட்டது செய்தியல்ல, நான்.

ஆறு நாற்பதுக்கு என் மனைவி இல்டா காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே தலைப்பு இருந்தது.

"இன்னிக்கு என்ன நாள்?"

"சனிக்கிழமை."

"அப்புறம்?"

"அப்புறம் ஞாயிற்றுக்கிழமை."

"நம்ம கல்யாண நாளுங்க. நாப்பத்தோராவது."

எனக்கு அது வேறொரு நாளாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் பிரிஸ்கோலா சீட்டாட்டத்தின் இறுதிப் போட்டி. பரிசு, புகை போட்ட முழுப் பன்றித்தொடை ஒன்று. அதோடு கடைச் சுவரில் இருக்கும் பலகையில் பெயர். பதினோரு வருடமாக அரையிறுதியோடு வீடு திரும்பிய ஜோடி நானும் என் மச்சான் துல்லியோவும். இல்டாவின் தம்பி. பெயரில் இருக்கும் துல்லியம் ஆட்டத்தில் கிடையாது. அந்த வருடம் எப்படியோ தாண்டிவிட்டோம்.

"தோவெல் ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் இல்டா.

அந்த ஏரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஆகஸ்ட் வந்தால் தோவெல் ஏரி செக்கச்செவேல் என்று சிவந்துவிடும். எங்கள் கல்யாண விருந்தில் இரண்டு கோப்பை ஒயினுக்குப் பிறகு நாற்காலிமேல் ஏறி நின்று, "இல்டாவுக்குச் சிவந்த ஏரியைக் காட்டுவேன்" என்று நூறு பேர் முன்னால் அறிவித்தேன். அது 1963. அந்த மாதம் ஆலங்கட்டி மழை, ஆப்பிள் நாசம், எனக்குச் செய்தி. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். 1964-லும் ஏதோ செய்தி. அதன் பிறகு ஏரி சிவப்பதையே நிறுத்திவிட்டது. நான் தள்ளிப்போட்டது இரண்டே வருடம். மீதியை ஏரிதான் தள்ளிப்போட்டது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் "நம் பள்ளத்தாக்கு" என்று ஐம்பத்திரண்டு வாரம் தொடர் எழுதினேன். பழைய ஊர்கள், புண்ணியத் தலங்கள், ஏரிகள். வாசகர்கள் உருகிக் கடிதம் போட்டார்கள். அவற்றில் ஓர் இடத்துக்குக்கூட நான் போனதில்லை. இல்டா ஐம்பத்திரண்டையும் கத்தரித்து வைத்திருந்தாள். பெருமைக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுத்தால் சண்டை, சண்டை வந்தால் ஆட்டம் போச்சு. ஆகவே ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். மறுக்கக் கூடாது. அளவுக்கு மேல் சம்மதிக்க வேண்டும்.

"ஏரி மட்டும் எதுக்கு இல்டா? முதல்ல க்ளேஸ் நகரம். அப்புறம் தூய ரொமேடியோ கோயில். அதுக்கப்புறம் ஏரி. ஒரே நாள்ல எல்லாம்!"

என் கணக்கு அவளுடைய முழங்காலில் இருந்தது. இரண்டு வருடமாக விறகு கொண்டுவா என்றால் முட்டி வலி, நிலவறையிலிருந்து ஒயின் கொண்டுவா என்றால் முட்டி வலி. ரொமேடியோ கோயில் படியில் பாதி ஏறியதும் "போதுங்க, வீட்டுக்குப் போலாம்" என்பாள். இரண்டு மணிக்கு வீடு. ஐந்துக்கு ஆட்டம்.

நிருபனுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு துல்லியோவைக் கைபேசியில் பிடித்தேன்.

"மச்சான், சரியா பன்னெண்டு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணு. ஆப்பிள் தோட்டத்துல தண்ணிக் குழாய் வெடிச்சிருச்சுன்னு சொல்லு."

"ஐயோ, எந்தக் குழாய்?"

"எதுவும் வெடிக்கலடா. சொல்லணும்."

"வெடிக்காததை எதுக்கு மச்சான் சொல்லணும்?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு நமக்கு ஆட்டம் இருக்கா, இல்லையா?"

"ஓ" என்றான். புரிந்துவிட்டது என்று நம்பினேன்.

க்ளேஸில் பழைய அரண்மனையை இரண்டு சுற்று சுற்றவைத்தேன். கோட்டையைப் பார்க்கக் காரை வேண்டுமென்றே தூரத்தில் நிறுத்தினேன்.

"முட்டி வலிக்குதா இல்டா?" அன்பாகக் கேட்டேன்.

"இல்லியே. உங்களுக்கு?"

எனக்கு வலித்தது.

பதினொன்றே காலுக்கு ரொமேடியோ கோயில். செங்குத்துப் பாறை. அதன்மேல் ஒன்றின் தலையில் ஒன்றாக ஐந்து சிற்றாலயங்கள். இல்டா சத்தமாக எண்ணிக்கொண்டே ஏற ஆரம்பித்தாள். நாற்பதில் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அறுபதில் கோட்டைக் கழற்றினேன். "கொடுங்க, நான் வச்சுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். தொண்ணூறில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலேயிருந்து குரல் வந்தது. "நூத்திப் பதிமூணு! உங்க கட்டுரைப்படி நான் மேல வந்து சேர்ந்துட்டேங்க!"

"அப்படின்னா இறங்கு!"

"கோயிலைக் காணோமே! இன்னும் பதினெட்டுப் படி இருக்கு. எழுதினவரு வர்றாரான்னு பாக்குறேன்."

எழுதினவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். உச்சியில் தாடி வைத்த துறவி ஒருவர் நின்றிருந்தார். பெயர் கிளெமென்டே. இல்டாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா இல்டா! இன்னிக்கு வியாழக்கிழமை இல்லையே?"

"என்ன வியாழக்கிழமை?" என்றேன்.

"நீங்க சீட்டாடப் போற வியாழக்கிழமை" என்றாள் இல்டா. "நான் பஸ் புடிச்சு இங்க வந்துடுவேன். ஆறு வருஷமா."

"உன் முட்டி?"

"அது விறகு தூக்கத்தாங்க வலிக்கும். படி ஏறினா வலிக்காது."

துறவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, இவர்தான் எர்மினியோவா? ஆணியைப் பார்க்க வந்தீங்களா?"

சுவர் முழுக்க நேர்த்திக்கடன் பலகைகள். ஏணியிலிருந்து விழுந்து பிழைத்தவன், வண்டி ஏறியும் பிழைத்தவன், பனிச்சரிவில் புதைந்து மீண்டவன் என்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு படம், கீழே ஒரு நன்றி. நடுவில் துருப்பிடித்த ஓர் ஆணி. காலி.

"எனக்கு முன்னாடி நாலு பேர் இங்க பொறுப்புல இருந்தாங்க" என்றார் துறவி. "ஒவ்வொருத்தரும் போறப்ப சாவிக்கொத்தைக் கொடுத்துட்டு, அது இல்டாவோட ஆணி, அதுல வேற எதையும் மாட்டிடாதேன்னு சொல்லிட்டுப் போவாங்க. புருஷன் ஏரியைக் காட்டினா பலகை வைக்கிறதா கல்யாணமான புதுசுல வச்ச நேர்ச்சை. ஏரி ரொம்ப தூரமோ?"

"இருபத்தஞ்சு கிலோமீட்டர், சாமி" என்றாள் இல்டா.

பனிச்சரிவில் புதைந்தவனை ரொமேடியோ மூன்றே நாளில் மீட்டிருந்தார். என்னைக் கிளப்ப நாற்பத்தொரு வருடம்.

"ஐயா, மனசு விட்டுடாதீங்க" என்றார் துறவி. "எங்க சாமியோட குதிரையைக் கரடி தின்னுடுச்சு. அவர் என்ன பண்ணார்? அந்தக் கரடி மேலயே சேணம் போட்டு ஏறிப் போனார்."

"அவருக்கு ஒரே நாள்ல கரடி பணிஞ்சிருச்சு, சாமி" என்றாள் இல்டா.

மணி பன்னிரண்டு. கைபேசி ஒலித்தது. என் கோட்டுப் பையில். கோட்டு அவள் கையில்.

"சொல்லு தம்பி... ம்... வெடிச்சிருச்சா?... ம்... ஓகோ... அப்படியா?... சரி, நான் சொல்லிடுறேன்."

முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டேன். "என்னவாம்?"

"தோட்டத்துல குழாய் வெடிச்சிருச்சாம்."

"ஐயையோ! வா, கிளம்பு!"

"அவனே பாத்துக்குறானாம். நீங்க நிதானமா வரலாமாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வெடிச்ச குழாயைப் பத்தி வேற என்னங்க சொல்லணும்?"

மேலே கேட்க வழியில்லை. பொய் என்னுடையது. சொந்தப் பொய்யை யார் குறுக்கு விசாரணை செய்வது?

ஒன்றரைக்கு ஏரி. பச்சையாக இருந்தது. ஓரத்தில் நீலம். மலைகள் தலைகீழாக நின்றன. நான் ஓரமாக நின்று அரை நிமிடம் ரசித்தேன்.

"பாத்தாச்சா, போலாமா?"

"எதை?"

"ஏரியை!"

"இது பச்சையா இருக்கு. நீங்க சொன்னது சிவப்பு." துணியை விரித்தாள். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் ஸ்ட்ரூடல் எல்லாம் வெளியே வந்தன. கடைசியாகப் பின்னல் ஊசியும் வந்தது. என் கோட்டை நாலாக மடித்து அதன்மேல் உட்கார்ந்தாள். கார்ச் சாவி அந்தக் கோட்டில் இருந்தது. "சிவக்கட்டும். பாத்துட்டுப் போலாம்."

"அது சிவந்து நாப்பது வருஷம் ஆச்சு, இல்டா!"

"நானும் அவ்வளவு வருஷமாத்தானே காத்திருக்கேன்."

"விஷயம் தெரியாமப் பேசாதே. முன்னெல்லாம் மாடுங்க இங்க மேய வந்து சாணி போடும். அதுல ஒரு பாசி வளரும், அதுதான் சிவப்பு. இப்ப மாடு வர்றது குறைஞ்சுபோச்சு."

"மாடு வரலேன்னா என்ன, நீங்க வந்திருக்கீங்களே."

இரண்டு மணி. மூன்று மணி. காலுறை ஒன்று குதிகால்வரை பின்னப்பட்டது. ஏரி பச்சை மாறவில்லை. மூன்றரைக்கு நான் கீழே உட்கார்ந்தேன்.

"இல்டா, நீ எழுந்திரிக்க என்ன வேணும்? சொல்லு."

கைப்பையிலிருந்து கம்பளி நூலால் கட்டிய காகிதக் கட்டு ஒன்றை எடுத்தாள். என் ஐம்பத்திரண்டு கட்டுரைகள். "வாரம் ஒண்ணு. நீங்க எழுதின இடமெல்லாம் நீங்களே கூட்டிட்டுப் போகணும். எழுதிக் கொடுங்க."

"எல்லாமுமா?"

"ஏரி சிவக்குற வரைக்கும் யோசிங்க. அவசரமில்ல."

"சரி, சரி!"

"சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? நீங்களே சொல்லுங்க."

இங்கேதான் என் மூளை பளிச்சிட்டது. சீட்டுப் போட்டிகள் எல்லாம் சனிக்கிழமை. "ஞாயிறு" என்றேன். "சாப்பிட்டுட்டு மத்தியானம் கிளம்பலாம்."

"எப்பலேர்ந்து?"

"நாளையிலேர்ந்தே!" தாராளமாகச் சொன்னேன். பிரிஸ்கோலாவில் கையில் ஒன்றாம் சீட்டு வந்தால் ஜோடிக்கு வாயைக் கோணிக் காட்டுவது வழக்கம்.

"வாயைக் கோணாதீங்க" என்றாள் இல்டா. "பெரிய சீட்டு வந்திருக்குன்னு தெரியுது. எழுதுங்க."

நாள், நேரம், பெயர், கையெழுத்து. பிழையில்லாமல் எழுதினேன். சாவி கைக்கு வந்தது. மலைப்பாதையில் நான் அப்படிக் காரோட்டியதை ரொமேடியோ பார்த்திருந்தால் கரடியை விட்டு இறங்கி ஒதுங்கியிருப்பார்.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் காப்பிக்கடை. வாசலில் துல்லியோ மட்டும் நின்று ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், இவ்வளவு வேகம்?"

"ஆட்டம்! எங்கடா எல்லாரும்?"

"ஆட்டம் நாளைக்குத்தானே? எதிர் ஜோடியில ஒருத்தருக்குப் பல்வலி, நாளைக்கு அஞ்சு மணிக்கு மாத்திட்டாங்க. மத்தியானமே அக்காகிட்ட சொன்னேனே. நீங்க சொன்ன மாதிரி குழாயையும் சொன்னேன். அது நெசமா வெடிக்கல, மச்சான் சொல்லச் சொன்னாருன்னு அதையும் சொல்லிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். காரின் கண்ணாடி மெதுவாக இறங்கியது.

"சொல்ல மறந்துட்டேங்க" என்றாள் இல்டா. "அந்தக் குழாய் கவலையிலேயே இருந்துட்டேன்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு..."

"நாளைக்கு முதல் கட்டுரை. ஃபொந்தோ ஊர் மரகத ஏரி. அஞ்சு மணிக்கு வெயில் சாயும்போது தண்ணி ரொம்ப அழகா இருக்கும்னு எழுதியிருக்கீங்க. பாத்துடலாம்."

இருந்தது. அழகாகத்தான் இருந்தது. துல்லியோ ரொட்டிக்கடைக்காரரைச் சேர்த்துக்கொண்டு ஆடி ஜெயித்தான். பலகையில் அவர்கள் பெயர். பன்றித்தொடையிலிருந்து எங்களுக்கு இரண்டு துண்டு வந்தது.

2005 ஜனவரி 15, சனிக்கிழமை, தூய ரொமேடியோ திருநாள். இருபத்து மூன்று இடங்கள் முடிந்திருந்தன. கோயிலில் அந்த ஆணியில் பலகை மாட்டப்பட்டது. படத்தில் ஏரி சிவப்பாக இருந்தது. கரையில் சேணம் போட்ட கரடி, அதன்மேல் இல்டா. கரடிக்கு என் மூக்குக்கண்ணாடி.