இறால் பைக்குள் போன யானைக் காசு

விஞ்ஞானம் அறவே தெரியாதவர்களால் யாருக்கும் பெரிய கெடுதி வந்ததில்லை. நன்றாகத் தெரிந்தவர்களாலும் வந்ததில்லை. தரம் பத்துக்குக் கற்பிக்கும் அளவுக்கு மட்டும் தெரிந்தவர்களைத்தான் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் விடக்கூடாது. (நான் தரம் பத்துக்குக் கற்பிக்கிறேன்.)

எனக்குக் கலியாணமாகி ஐந்தாவது மாதம். கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி மாமா, மாமி வீடு. மாமா இளைப்பாறிய தபால் அதிபர். பழைய நாணயம் சேர்ப்பதில் பெரும் பித்து. வெள்ளைக்காரர் காலத்து வெள்ளிக் காசு ஒன்று, ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் யானை, தன்னிடம் இல்லையே என்று சாப்பாட்டு மேசையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது பெருமூச்சு விடுவார். அந்த யானைக் காசு பேஸ்புக்கில் விற்பனைக்கு வந்ததைக் கண்டதும், அவருடைய பிறந்தநாளுக்கு அதைக் கொடுத்து உலகத்திலேயே சிறந்த மருமகள் ஆகிவிடலாம் என்று முடிவெடுத்தேன். போலியென்றால் மூன்று நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று விற்றவர் எழுதியிருந்தார்.

மூன்றாம் நாளும் பிறந்தநாளும் ஒன்றாகவே வந்தன. கூரியர் கடை நான்கு மணிக்குப் பூட்டும். அதற்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பாடசாலை ஆய்வுகூடத்துக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வெள்ளி என்று துள்ளினேன். பித்தளையும் ஒட்டாதே என்றார் என் கணவர். சீமெந்துத் தரையில் போட்டு ஒலி கேட்டேன். கோயில் மணி போல இருந்தது எனக்கு. அவருக்குச் சைக்கிள் நட்டு விழுந்தது போல இருந்ததாம். மிஞ்சியது ஐஸ் சோதனை. வெள்ளி வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஐஸ் மேல் வைத்தால் விறுவிறென்று உருக்கிக்கொண்டு இறங்கும். இணையத்தில் ஒருவர் செய்து காட்டியிருந்தார்.

அன்று பார்த்துக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் தண்ணீர். கல்லடியில் அந்த நேரம் ஐஸ் இருந்த ஒரே இடம் வீதியோரத்து மீன்கடை.

காத்தான்குடியிலிருந்து வந்து கடை போடும் மீன்காரரை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். என் கோரிக்கையைக் கேட்டுத் தராசைக் கீழே வைத்தார்.

"இது மீனுக்கு வாங்கின ஐஸ், டீச்சர்," என்றார். ஆனாலும் இறால் கிடந்த ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டியில் ஒரு பெரிய ஐஸ் கட்டியைக் காட்டினார். அதன் மேல் காசை வைத்தேன். இறங்கத் தொடங்கியது. யானையின் முதுகு வரை தண்ணீர். மீன் வாங்க வந்த நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்குப் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது. வெயிலுக்குக் குடையை விரித்துப் பிடித்தபடி, வெப்பக் கடத்தல் பற்றி ஆரம்பித்துவிட்டேன்.

நானா முழுவதையும் கேட்டார். பிறகு காலடியில் கிடந்த சோடா மூடியை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் இறங்கியது. அதே வேகத்தில்.

"அப்ப இதுவும் வெள்ளியா, டீச்சர்?"

கூட்டம் சிரித்தது. நான் விடவில்லை. மூடி வெயிலில் கிடந்து சூடேறியது, பரிசோதனை என்றால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று கூட்டத்தின் பக்கம் திரும்பி விளக்கினேன். விளக்கம் நீண்டது. பின்னால் யாரோ ஒரு கிலோ இறால் கேட்டது காதில் விழுந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று புறப்பட்டுப் போனதும் விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது பெட்டிக்குள் சோடா மூடி மட்டும் இருந்தது.

நானா பெட்டியைக் கிளறினார். "பேச்சக் கேட்டுக் கேட்டு ஐஸோட சேத்து அள்ளிப் போட்டுட்டன் போல," என்றார். வாங்கியவர் யாரென்று கேட்டேன். ஹெல்மெட் போட்ட ஒராளாம்.

ஸ்கூட்டரில் கல்லடிப் பாலம் வரை போனேன். ஹெல்மெட் போடாத ஆண் ஒருவரும் அந்த வீதியில் இல்லை. மூன்று பேரை மறித்து, "அண்ணா, இறால் வாங்கினீங்களா?" என்று கேட்டேன். ஒருவர் இல்லையென்றார். ஒருவர் வேகத்தைக் கூட்டினார். மூன்றாமவர் இதைவிட மலிவாக விற்கும் இடத்துக்கு வழி சொன்னார். நான்கு மணியும் கடந்தது. கணவருக்குத் தொலைபேசியில் அழுதுவிட்டு, பரிசுக்குப் பதில் குடையை மட்டும் பிடித்தபடி மாமா வீட்டுக்குப் போனேன்.

குசினியில் அடுப்புப் பக்கம் மாமி கையில் இறாலோடு அசையாமல் நின்றார். மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதையோ கண்ணுக்குக் கிட்டப் பிடித்திருந்தார். கதவடியில் புது ஹெல்மெட் தொங்கியது.

"இஞ்ச பாருங்க மகள், இறாலுக்குள்ள கிடந்திருக்கு," என்று காசின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். "விளிம்பச் சுத்திக் கோடு ஓடுது. ரெண்டு பாதி அச்சில ஊத்தி வார்த்த போலி. இதப் போய் ஆரோ ஒரு விசரன் வாங்கியிருக்கான்."

காந்தம் வைத்தேன், தரையில் போட்டேன், ஐஸ் தேடி ஊர் சுற்றினேன். விளிம்பைப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"கடையிலயும் வலு கரைச்சல்," என்று மாமா தொடர்ந்தார். "ஒரு பொம்பிள குடையோட குறுக்க நிண்டு பிரசங்கம் பண்ணிக்கிட்டு நிண்டா. ஹெல்மெட்டுக்குள்ள ஒண்டும் விளங்கல்ல."

அந்தப் பொம்பிள பாவம் என்று நான் சொல்லி முடிக்கவில்லை. கணவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடி கேட்டார்: "என்ன, காசு கிடைச்சிட்டா?"

மாமா என்னைப் பார்த்தார். காசைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த குடையைப் பார்த்தார். சத்தமில்லாமல் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் அரிசி வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

விற்றவர் அதற்குப் பிறகு என் செய்திகளுக்குப் பதிலே போடவில்லை. போலிக் காசு மாமாவின் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது. கலியாண வீடு, கோயில் திருவிழா என்று போகும் இடமெல்லாம் எடுத்துக் காட்டிக் கதை சொல்கிறார். கடைசியாகக் கேட்டபோது மீன்கடையில் இருநூறு பேர் நின்றார்கள், பொலிசும் வந்திருந்தது.

கதை பாடசாலைக்கும் வந்து சேர்ந்தது. போன தவணைப் பரீட்சையில், வெப்ப நற்கடத்தி ஒன்றுக்கு உதாரணம் தருக என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "இறால். டீச்சரின் காசை மாமா வீடு வரை கடத்தியது."

சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். விடைத்தாளை மாமாவிடம் காட்டியது அதைவிடப் பெரிய பிழை. அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுக்கும்வரை என் கையால் தேத்தண்ணீர் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.