எனக்கு நானே சித்தப்பா ஆன கதை

படித்த முட்டாளுக்கும் படிக்காத முட்டாளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படிக்காதவன் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். படித்தவன் கடைக்குப் போய் சார்ட் பேப்பர் வாங்கி வருவான். நான் வாங்கி வந்தேன், பெரிய சைஸில், கூடவே ஸ்கெட்ச் பேனா ஒரு டப்பா.

எண்பதுகளின் நடுப்பகுதி. எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (அவர்கள் மறுபடியும் தவறினார்கள். அதற்கு நான் மட்டும் காரணமில்லை.) அந்தச் சமயத்தில்தான் எனக்குத் திண்டிவனத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சுகுணா. பி.எஸ்சி. கணக்கு. அவள் அப்பா ஊரை ஒட்டிய சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்.

பெண் பார்க்கப் போன அன்று, "ரெண்டு பேரும் ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்" என்று யாரோ முற்போக்காகச் சொல்லிவிட்டார்கள். எங்களைக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். வீடே ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்த அந்தத் தனிமையில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஹிஸ்டரி படிச்சா இன்னா வேலைங்க கெடைக்கும்?"

கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அவ்வளவு உறைத்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்தச் சிரிப்பிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் வரலாறு படித்தால் என்ன செய்ய முடியும் என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வழி: சுகுணாவின் வம்சத்தை ஏழு தலைமுறைக்குத் தேடிப் பிடித்து, ஆலமரமாக வரைந்து, நிச்சயத்தன்று சபையில் விரித்துக் காட்டுவது. மற்ற மாப்பிள்ளைகள் மோதிரம் போடுவார்கள். நான் முன்னோர்களைப் போடுவேன்.

இரண்டு வீட்டிலும் பங்காளி முறை வருகிறதா என்று அப்பா வழியில் பார்த்துத் திருப்தியாகிவிட்டார்கள். அம்மாவின் அம்மாவின் அம்மா வரைக்கும் போக அவர்களுக்கு நேரமில்லை. எனக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

மரத்துக்கு இரண்டு பக்கமும் வேண்டுமே, முதலில் என் பக்கத்தை முடித்துவிடலாம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எங்கம்மாவப் பெத்த ஆயாவா? மண்டகப்பட்டுல அனந்தபுரத்தான்னு சொல்லுவாங்க. எங்கம்மா நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே பூட்டாங்க. அப்புறம் அந்த ஊருக்குப் போக்குவரத்தே இல்ல. எதுக்குடா கேக்குற?"

"சும்மாம்மா" என்றேன். ஆராய்ச்சியாளர்கள் தங்கள் முடிவுகளை முன்கூட்டியே வெளியிடுவதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்தான் அவள் பெயர். செஞ்சியிலிருந்து வந்தால் செஞ்சியா. அனந்தபுரத்திலிருந்து வந்தால் அனந்தபுரத்தா. சாகும்வரை அப்படித்தான், செத்த பிறகும் அப்படித்தான். இது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும் என்ன பிரயோஜனம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ் ஏறி, வருங்கால மாமனாரைப் பார்த்து, பேச்சுவாக்கில் அவர் மாமியாரைப் பற்றி விசாரித்தேன்.

"எங்க மாமியாருங்களா? மண்டகப்பட்டுக்காரங்க. அனந்தபுரத்தான்னுவாங்க" என்றார் அவர், காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

அதே மண்டகப்பட்டு! அதே அனந்தபுரத்தா! என் அம்மாவின் பாட்டியும் சுகுணாவின் பாட்டியும் ஒரே அம்மாள்! தாமிரப் பட்டயத்தையே தோண்டி எடுத்தவன் போல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

ஆனாலும் நான் எம்.ஏ. ஆயிற்றே. களப்பணி இல்லாமல் எதையும் ஏற்க மாட்டேன். மண்டகப்பட்டுக்கே போனேன். அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் விசாரணை நடத்தினேன்.

"இந்த ஊரில் அனந்தபுரத்தா என்று ஒரு அம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"அவங்களுக்குப் பொண்ணுங்க உண்டா?"

"உண்டே."

"திண்டிவனம் பக்கம் ஒரு பொண்ணைக் குடுத்தாங்களா?"

"குடுத்துருப்பாங்க. ஆமா, நீங்க எந்த அனந்த..."

அதற்குள் விழுப்புரம் பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். ஓடிப்போய் ஏறிவிட்டேன். பஸ் ஜன்னல் வழியாக அந்த ஊர்க் குகைக் கோயிலின் பாறை தெரிந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று பல்லவ ராஜா அங்கே பெருமையாகக் கல்வெட்டு வைத்திருக்கிறார். ஆதாரம், ஆள், பெயர், தேதி எதுவும் இல்லாமல் நான் ஒரு வம்சத்தையே கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மரம் வரைய ஒரு வாரம் பிடித்தது. இடது கிளையில் நான், வலது கிளையில் சுகுணா, இரண்டும் மேலே போய்ச் சேரும் இடத்தில் தங்க நிற ஸ்கெட்ச் பேனாவால் 'அனந்தபுரத்தா'. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஏழு தலைமுறை என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். எனவே உச்சாணிக் கிளையில் 'பல்லவர் படைத் தளபதி(?)' என்று போட்டேன். கேள்விக்குறி என் நேர்மைக்கு அடையாளம்.

நிச்சயதார்த்தம் திண்டிவனத்தில் பெண் வீட்டில். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள். பூ, பழம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டுகள் நடுவில் தயாராக இருந்தன. தட்டு மாற்றப்போகிற நேரம் பார்த்து, "ஒரு நிமிஷம்" என்று எழுந்து சுருளை விரித்தேன்.

"இதோ பாருங்கள்! நாம் இன்றைக்குச் சம்பந்தம் செய்யவில்லை. நாம் ஏற்கெனவே சொந்தக்காரர்கள்! சுகுணாவைப் பெற்றவரும் என் அம்மாவைப் பெற்றவரும் உடன்பிறந்தவர்கள். இருவரும் மண்டகப்பட்டு அனந்தபுரத்தா வயிற்றுப் பிள்ளைகள்!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

என் தாய்மாமா கோவிந்தன் மெதுவாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். (அவருக்கும் ஒரு பெண் இருந்தாள், எனக்கு முறைப்பெண். நான் வேண்டாம் என்று சொல்லி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய கணக்கு அவ்வளவு வேகமாக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.)

"இருங்க, இருங்க. எங்கம்மாவும் இந்தப் பொண்ணோட அம்மாவும் அக்கா தங்கச்சி. அப்போ பொண்ணு எனக்குத் தங்கச்சி. எங்கக்காவுக்கும் தங்கச்சி. எங்கக்கா புள்ளைக்கு..." என்று என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததே இல்லை. "டேய்! அது உனக்குச் சித்திடா!"

மூன்று வருடம் எம்.ஏ. அரியர்ஸோடு போராடிய எனக்கு, இந்தக் கணக்கு மட்டும் தோன்றவே இல்லை. உறவு கண்டுபிடித்த பெருமையில், என்ன உறவு என்று பார்க்க மறந்துவிட்டேன்.

தட்டுகள் பின்னால் நகர்ந்தன. சுகுணாவின் அப்பா எழுந்து துண்டை உதறினார். "இன்னாங்க இது? எங்க பொண்ணக் கேவலப்படுத்தவா கூட்டமா வந்தீங்க?"

"அய்யோ, இல்லைங்க, நான் மரியாதைக்காக..." என்றேன்.

"சித்தியக் கட்டிக்கிறதுதான் மரியாதையா?"

"மொறை தப்பு மொறை தப்புதான். பேச்சே இல்ல" என்றார் மாமா, யாரும் கேட்காமலேயே. பெரியவர்கள் நான்கு திசையிலும் பேச ஆரம்பித்தார்கள். தாய் வழியில் எத்தனை தலைமுறை தள்ளினால் தோஷமில்லை என்று ஒருவர். ஐயரைக் கேட்கலாம் என்று ஒருவர். சாப்பாட்டையாவது போட்டுவிடலாமே என்று ஒருவர். நான் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு மளிகைக் கடை விளம்பரப் பலகை போல நின்றேன். கீழே போடவும் பயம், சுருட்டவும் பயம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. என் கல்யாணத்தை என் கையாலேயே கலர் கலராக வரைந்து நிறுத்தியிருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து சுகுணாவின் அம்மா வந்தார். கையில் சாம்பார்க் கரண்டி இருந்தது. அதை அவர் கீழே வைக்கவில்லை.

"எங்கம்மாவப் பத்தித்தானே எல்லாரும் பேசிக்கினு இருக்கீங்க? உள்ள நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எங்கம்மா பேரு இன்னா?"

"அனந்தபுரத்தா..."

"அது ஊரு பேரு. எங்கம்மா பேரு இன்னான்னு கேக்குறேன்."

தெரியவில்லை. சார்ட்டைப் பார்த்தேன். ஆண்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருந்தேன், தகப்பன் பெயரோடு. இல்லாத தளபதிக்குக்கூட ஒரு கேள்விக்குறி இருந்தது. சுகுணாவையும் இரண்டு அம்மாக்களையும் தாண்டினால் எல்லாப் பெண்களும் வெறும் ஊர்களாக நின்றார்கள். ஒரு பெண்ணின் வம்சத்தைத் தேடப் போனவன் ஒரு பஸ் ரூட்டை வரைந்து வந்திருக்கிறேன்.

"எங்கம்மா பேரு கன்னியம்மா. செத்து மூணு வருஷம் ஆவுது" என்றார் அவர். பிறகு கரண்டியை என் மாமா பக்கம் நீட்டினார். "உங்க ஆயா பேரு இன்னாங்க?"

மாமா தடுமாறினார். "ஆயாவ... ஆயான்னுதான் கூப்ட்டோம்."

உள்ளே கதவருகே நின்றிருந்த என் அம்மா சொன்னார்: "எங்க ஆயா பேரு அஞ்சலைங்க. நான் பாவாட கட்டினு இருந்தப்பவே பூட்டாங்க. மேட்டுத் தெரு."

"எங்கம்மா கீழத் தெரு" என்றார் சுகுணாவின் அம்மா. "மண்டகப்பட்டுல தெருவுக்கு நாலு அனந்தபுரத்தா இருப்பாங்க. தடுக்கி விழுந்தா ஒரு அனந்தபுரத்தா மேலதான் விழணும். இதுக்குப் போயி ஊட்டையே பேஜாராக்கி வச்சிட்டீங்க. ஜல்தியாத் தட்ட மாத்துங்க, சோறு ஆறுது."

ஆக, ஒரே அம்மாளை இருபது முப்பது வருட இடைவெளியில் இரண்டு தடவை சாகடித்திருக்கிறேன். வரலாற்று மாணவன். மாமாவின் முகத்திலிருந்த பிரகாசம் அணைந்தது. தட்டு மாறியது. சார்ட்டை யாரோ எடுத்துப்போய்ப் பந்தியில் கடைசி இலைக்குக் கீழே விரித்துவிட்டார்கள். தளபதி மேல் ரசம் ஓடியது.

பந்தியில் சுகுணா எனக்கு மட்டும் பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள். குனிந்து, மெல்லிய குரலில், "சாப்புடுப்பா. சித்தி போடுறேன் இல்ல?" என்றாள். எனக்குப் புரையேறியது.

கல்யாணமாகி விழுப்புரம் வந்த முதல் வாரத்தில் என் அம்மா பழக்கதோஷத்தில், "ஏ, திண்டிவனத்தா" என்று கூப்பிட்டார். சுகுணா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"அத்தே, என் பேரு சுகுணா. பேரச் சொல்லிக் கூப்டுங்க. நாளைக்கு இன்னொரு எம்.ஏ. சார்ட் எடுத்துக்கினு வந்தா யாரு பதில் சொல்றது?"

அம்மா சிரித்துவிட்டார். எங்கள் தெருவில் சொந்தப் பெயரோடு வாழ்ந்த முதல் மருமகள் அவள்தான். என் ஆராய்ச்சியால் விளைந்த ஒரே நன்மை இது என்று நான் அடிக்கடி சொல்வேன். யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

எனக்குத்தான் பெயர் போயிற்று. கல்யாண மேடையிலேயே என் மைத்துனன் ஒரு தீர்ப்புச் சொன்னான்: "சித்தி புருஷன் சித்தப்பா. அப்போ மாமா, உங்களுக்கு நீங்களே சித்தப்பா." அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும், என்னைவிடப் பெரியவர்களுக்குக்கூட, நான் சித்தப்பாதான். எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், "சித்தப்பா கையில ஸ்கெட்ச் பேனா இருக்குதான்னு பாத்துக்குங்க" என்று ஒரு குரல் வரும்.

சமீபத்தில் எங்கள் பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரொம்ப மரியாதையாக, "பொண்ணோட தாய் வழி எந்த ஊருங்க?" என்று என்னைக் கேட்டார். எத்தனை வருடக் காத்திருப்பு! தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"காபி ஆறுது, சித்தப்பா" என்றாள் சுகுணா.

குடித்துவிட்டு, அவளே சொல்லட்டும் என்று கையைக் காட்டினேன். "எங்கம்மாவப் பெத்தவங்க கன்னியம்மாங்க" என்று அவள் ஆரம்பித்தாள்.