குழாய்க்குள் குடியிருந்த பேய்

குளிர் தொடங்கியதும் மாடிக் குடியிருப்புக்குப் பேய் வந்தது. சும்மா ஒரு பேயா? வீட்டுக்கொரு பேய்! வாடகை கிடையாது, சங்கச் சந்தா கிடையாது, லிஃப்ட் செலவில் பங்கு கிடையாது. பெட்டி படுக்கை இல்லாமல் எல்லா வீட்டிலும் குடியேறிவிட்டது.

அது செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, உட்கார்ந்த இடத்தில் தூக்கம். இதில் விசேஷம் என்னவென்றால், பேய் வாசற்படி தாண்டாது. ஆள் வேலைக்குப் போனால் தலைவலி போய்விடும். திரும்பி வந்து கதவைச் சாத்தினால் மறுபடி மண்டை இடி. வெளியே பிடிக்காத பேய் வீட்டுக்குள் மட்டும் பிடிப்பானேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பேய் கோபித்துக்கொள்ளுமாம்!

ஆகவே ஆவியடக்கியார் வந்தார். கறுப்பு அங்கி, வெள்ளிப் பூண் போட்ட தடி, கழுத்துவரை தாடி. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். மூன்றாம் மாடித் தையற்காரம்மா முந்திய நாளே செருப்பை வைத்து இடம் பிடித்திருந்தார். கீழ்வீட்டு பஸ் டிரைவர் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றார். பல் வலிக்கு அரைநாள் லீவு போடாத மனிதர் அவர்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் முன்னின்றவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். சுவரில் ஒரு துளை கண்டால் அடைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. "குளிர் தடுப்பு இயக்கம்" என்று அவர்தான் பனிக்காலத்துக்கு முன்பே ஆரம்பித்தார். ஜன்னல் இடுக்குக்கு டேப், காற்றுத் துவாரத்துக்கு அட்டை, கதவடிக்குத் துணிச் சுருள். எந்த வீட்டில் மெழுகுவர்த்திச் சுடர் துளிகூட ஆடவில்லையோ அந்த வீட்டுக்கு முதல் பரிசு, ஒரு பிளாஸ்க். போட்டியில் ஜெயித்தது யார்? செயலாளர் வீடேதான். நடுவரும் அவரேதான்.

ஆவியடக்கியாரின் வைத்தியம் பிரமாதமாகப் பலித்தது. முதலில் எல்லோரையும் வெளியே அனுப்புவார். அடுப்பு, கேஸில் எரியும் ஹீட்டர் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வார். கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, "போ! போ!" என்று தடியால் தரையைத் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் வீட்டார் உள்ளே வந்தால் தலைவலி மாயம்! கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் பேய் திரும்பி நுழையாதபடி, வெந்நீர் ஹீட்டரின் புகைக்குழாய் வாயில் ஒரு சிவப்புத் துணிப்பந்தைத் திணித்து மந்திரம் போடுவார். ஜன்னலைப் பழையபடி டேப் போட்டு அடைப்பார்கள். நாலைந்து நாளில் பேய் முன்னிலும் கொழுத்துத் திரும்பி வரும். ஆவியடக்கியாரும் திரும்பி வருவார். பேய்க்கும் அவருக்கும் அப்படியொரு ஒற்றுமை!

செயலாளருக்கு அவர்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் அன்று காலை அவருடைய சொந்த மகள், ஆறு மாதக் கர்ப்பிணி, குளியலறையில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு வெளியே திறந்த நடைக்கு வந்ததும்தான் கண் திறந்தாள். செயலாளருக்குக் கைகால் ஓடவில்லை. உடனே ஆளனுப்பினார், டாக்டருக்கு அல்ல, ஆவியடக்கியாருக்கு.

அவர் வந்தார். ஒரு வெள்ளைத் துணியை ஹீட்டரின் தலைப்பக்கம் தேய்த்தார். துணி கன்னங்கரேல் என்று ஆயிற்று.

"பாத்தீங்களா, பேயோட மூச்சு! இது பெரிய பேய். வயித்துப் பிள்ளைய கேக்குது."

"ஐயோ! என்ன செய்யணும் ஐயா?"

"சூட்டுக் கட்டு போடணும். குளியலறையோட சேந்த அந்த அறையில பொண்ண வையுங்க. எல்லாத்தையும் அடையுங்க. ஹீட்டர நிறுத்தாம ஓட விடுங்க. நாளைக்குக் காலையில வந்து நான்தான் கதவத் திறப்பேன். அதுவரைக்கும் அவ மாடிய விட்டு இறங்கினா பிள்ளை தங்காது."

செயலாளர் மனைவியைப் பார்த்தார். மனைவி தங்கைக்குப் போன் போட்டாள். கணவரிடம் கேட்டால் நேரம்தான் போகும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்.

தங்கை பல் டாக்டர். கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டு அவசரமாக வந்து சேர்ந்தாள். அக்கா மகளை நடையிலேயே நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை போர்த்தி, நாடி பார்த்தாள்.

"சித்தி, தலை விண்ணு விண்ணுன்னு இருக்கு."

"ஆம்புலன்ஸ் வருதும்மா. அதுவரைக்கும் உள்ள போகாத. இங்கேயே நல்லா மூச்சு விடு."

செயலாளர் குறுக்கே வந்தார். "ஏம்மா, இறங்கினா பிள்ளை தங்காதுன்னு ஐயா சொல்றாரு. உனக்குப் பல்லப் பத்தித் தெரியும். பேயப் பத்தி என்ன தெரியும்?"

"அத்தான், உங்க பேய்க்குப் பல்லு இருக்கா?"

"விளையாடாத! என் பொண்ணு விஷயம்."

அவர் குரல் உடைந்தது. பாவம், மனிதர் முட்டாள்தான். ஆனால் மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் முட்டாள். பல் டாக்டரும் குரலைத் தணித்தாள்.

"விளையாடல அத்தான். வண்டி வர்றதுக்குள்ள ஒரே ஒரு சோதனை. பேய் இருந்தா நானே கட்டுப் போடச் சொல்றேன்."

பையிலிருந்து சோப்புப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவியை எடுத்தாள். கிளினிக் வெந்நீர் அறையில் மாட்டியிருந்த அலாரம். உள்ளே ஆள் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, அதை அந்த அறை மேசைமேல் வைத்து, வழக்கம்போல ஹீட்டரை ஓடவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். நடைப்பக்கக் கண்ணாடி வழியே கூட்டம் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஆவியடக்கியார் தாடியை நீவிக்கொண்டு சிரித்தார்.

அலாரம் வீல் என்று அலறியது.

"ஐயோ, பேய் கத்துது!" என்று தையற்காரம்மா நாலு படி இறங்கிவிட்டார்.

"கத்துது பாத்தீங்களா!" என்று ஆவியடக்கியார் துள்ளினார். "நான் வந்தது தெரிஞ்சு பயந்து கத்துது!"

"நல்லதாப் போச்சு," என்றாள் பல் டாக்டர். "ஜன்னலத் திறக்காம, ஹீட்டர அணைக்காம, மந்திரத்தால மட்டும் அத ஓட்டுங்க பாப்போம்."

அவர் மந்திரம் சொன்னார். தடியால் தட்டினார். மேலும் கீழும் குதித்தார். தாடி வியர்த்ததே தவிர அலாரம் ஓயவில்லை.

"என் அக்கா பொண்ணு ராத்திரி முழுக்க உள்ள இருக்கணும்னு சொன்னீங்களே ஐயா. நீங்க இப்போ போய்க் கொஞ்ச நேரம் உக்காருவீங்களா?"

"எனக்கு... மூச்சு முட்டும்."

"அவளுக்கு முட்டாதா? வயித்துல இருக்கிறதுக்கு முட்டாதா?"

செயலாளர் ஆவியடக்கியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் டப்பாவில் தண்ணீர் கலந்து விற்பவனைக் கண்டுபிடித்த பார்வை அது.

பல் டாக்டர் நடையிலிருந்த கேஸ் வால்வை மூடினாள். உள்ளே போகாமல் வெளியிலிருந்தே ஜன்னல்களைத் திறந்தாள். புகைக்குழாய் வாயிலிருந்த துணிப்பந்தைப் பிடுங்கி எறிந்தாள். சிவப்புப் பந்து கரிப்பந்தாக உருண்டது. காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறியது. மெல்ல மெல்ல அலாரம் அடங்கியது.

"அது பேயோட கறை!" என்று ஆவியடக்கியார் கடைசியாக ஒரு முறை முயன்றார்.

"அப்போ எங்க அக்கா வாணலிக்கு அடியிலயும் பேய்தான் இருக்கு," என்றாள் அவள். கூட்டம் குபீர் என்று சிரித்தது. "இது கார்பன் மோனாக்சைடு. கேஸ், கரி, விறகு எதுவும் சரியா எரியலன்னா வர்ற விஷக்காத்து. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூக்கால கண்டுபிடிக்க முடியாது, இந்தப் பெட்டிதான் கண்டுபிடிக்கும். புகை போற குழாயில இவர் துணிய அடைச்சாரு. காத்து வர்ற துவாரத்த அடைச்சது யாரு அத்தான்?"

செயலாளரின் மனைவி முதல் பரிசு பிளாஸ்க்கை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மகளை ஏற்றினார்கள். மாடியை விட்டு இறங்கினால் பிள்ளை தங்காது என்று ஆவியடக்கியார் சொன்னாரே, செயலாளரே கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, ஆக்சிஜன் வைத்தார்கள். வயிற்றில் இருந்தது நன்றாகவே உதைத்ததாம். "தாத்தாவைத்தான் உதைக்கிறது," என்றாள் பல் டாக்டர். செயலாளர் அழுதுகொண்டே சிரித்தார்.

ஆவியடக்கியாரா? கூட்டம் அவரைத் தேடியபோது தாடி மட்டும் கைப்பிடிச் சுவரில் சிக்கித் தொங்கியது. ஆள் இல்லை.

மறுநாள் மெக்கானிக் வீடு வீடாகப் போய்க் குழாய்களைத் திறந்து, ஹீட்டர்களைச் சுத்தம் செய்தார். செயலாளர் ஏணி பிடித்துக்கொண்டு தன் கையாலேயே அட்டைகளைப் பிய்த்தார். எல்லா வீட்டிலும் அலாரம் மாட்டினார்கள். அது கத்தினால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும், அப்புறம்தான் போன், அப்புறம்தான் பேச்சு என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று பல் டாக்டர் செருப்பு மாட்டும்போது தையற்காரம்மா பயபக்தியோடு கைகூப்பி நின்றார்.

"தாயே! அந்த வெள்ளைப் பெட்டிக்கு என்ன மந்திரம் போட்டீங்க? எங்க வீட்டுக்கும் வந்து ஒரு தடவ கைய வையுங்களேன்."

பின்னால் பஸ் டிரைவர். அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்க வரிசை. சிலர் செருப்பு வைத்து இடமும் பிடித்திருந்தார்கள்.

பல் டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அடைத்த குழாயைத் திறக்க மெக்கானிக் இருக்கிறார். அடைத்த மண்டையை அவரவர்தானே திறக்க வேண்டும், ஐயா!