ஒத்தடம் பாயும் ஒரு கெட்டிமேளமும்

மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையில் ஒத்தடம் பாயிடம் திட்டு வாங்காத மனிதர் ஒருவரும் இல்லை. அவரை எதிர்த்து நின்று ஜெயித்த நட்டு ஒன்றும் இல்லை. எவ்வளவு துருப்பிடித்த இரும்பாக இருந்தாலும் அதனிடம் பொறுமையாகப் பேசுவார். அந்தப் பொறுமையில் ஒரு துளிகூடப் பக்கத்தில் நிற்கும் நமக்குக் கிடைக்காது.

மற்ற மெக்கானிக்குகள் இறுகிப்போன நட்டைக் கண்டதும் சுத்தியலை எடுப்பார்கள். இவர் சூடு காட்டுவார், எண்ணெய்த் துணியைச் சுற்றுவார், மெழுகுவர்த்தியைத் தொட்டு உருக்கி விடுவார், பிறகு உட்கார்ந்து டீ குடிப்பார். அதனால் வந்த பெயர்தான் ஒத்தடம். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. என் கைபேசியிலும் ‘ஒத்தடம்’ என்றே பதிந்திருந்தேன். ஒரு காலையில் அந்தப் பெயரில் அழைப்பு வந்ததைப் பார்த்த என் மனைவி, “முதுகுவலின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று வருத்தப்பட்டாள்.

அவரை மரை கழண்டவர் என்று சொல்பவர்கள் உண்டு. மரையைக் கழற்றுவதே தன் தொழில் என்பதால் அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மாடியிலிருந்து இறங்கி வந்து, “கொஞ்சம் சீக்கிரம் பாய்” என்றார். நட்டுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த பாய் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“நீ சொன்னது அதுக்குக் கேட்டுடுச்சி. பயந்துகினு இறுக்கிப் புடிச்சினு கீது. இனிமே நான் இன்னா சொன்னாலும் நம்பாது. நீ சத்தம் போடாம மேல போ.”

செயலாளர் தன் சொந்த வீட்டுக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்.

நான் மந்தைவெளிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். யாரோ பழைய இழுவைப் படகு ஒன்றை உடைத்தபோது, எங்கள் முதலாளி அதன் டீசல் என்ஜினை வாங்கிவந்து ஜெனரேட்டராக மாற்றியிருந்தார். அது ஓடும்போது கீழ்த்தளப் பந்தியில் ரசம் இலையைத் தாண்டி நடந்துபோகும். “கடல்ல பொறந்தது சார், ஆடத்தான் ஆடும்” என்று பாய் அதற்காக வாதாடுவார்.

அந்த என்ஜினின் பக்கத்தில் நத்தை வடிவத்தில் ஒரு டர்போ உண்டு. வெளியேறும் சூடான புகையின் வேகத்திலேயே சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். அதைப் புகைக்குழாயோடு இறுக்கிப் பிடித்திருப்பவை நான்கு ஸ்டட்டுகள். அதாவது தலையில்லாத, இரண்டு முனையிலும் மரை போட்ட போல்ட்டுகள். காய்ந்தும் ஆறியும் பல வருடம் உழைத்தபின் அவை முறியும். முறிந்தால் புகை பக்கவாட்டில் ஒழுகும், என்ஜினுக்குத் தெம்பு போய்விடும். அப்போது ஏதோ நாலு விளக்கை எரிக்கும், லிஃப்டை இழுக்காது.

ஒரு தை மாதக் கல்யாணம். முகூர்த்தத்தன்று எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். எனவே முந்தின நாள் சாயங்காலம் என்ஜினை ஓட்டிப் பார்த்தோம். டர்போவைப் பிடித்திருந்த ஒரு ஸ்டட் முறிந்து கரும்புகை வந்தது. எங்கள் எலெக்ட்ரீஷியன் ஏழுமலை இன்னொன்றையும் கழற்றிப் பார்க்கலாம் என்று ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகித் தொங்கினார். அது உள்ளோடு முறிந்து, பிடிக்க ஒரு நூல் இரும்புகூட வெளியே இல்லாமல் போனது. தையில் வாடகை ஜெனரேட்டருக்கு எங்கே போவது? நான் ஒத்தடத்துக்குப் போன் செய்தேன்.

விடிந்ததும் வந்தார். ஏழுமலையை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ ஸ்பேனர் புடிச்சியா, கபடி ஆடினியா?”

“வரல பாய், அதான் கொஞ்சம் அழுத்தினேன்.”

“அது வூட்டுக்கு வந்த மச்சான் மாதிரிடா. போடான்னா போவ மாட்டான். இன்னும் ரெண்டு நாள் இரேன்னு சொல்லிப் பாரு, பையத் தூக்கினு கெளம்பிடுவான். மொதல்ல அத்த இறுக்குற மாதிரி காட்டணும். அப்பால அவுக்கணும்.”

முதல் ஸ்டட் அப்படியே வந்தது. இரண்டாவது மச்சானாக இல்லை, வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தது. உள்ளே முறிந்த துண்டின் மேல் சொட்டுச் சொட்டாக வெல்டிங் வைத்து மேடாக்கி, அதன் தலையில் ஒரு நட்டை வைத்து ஒட்டினார். ஒட்டி முடிக்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. இனி நட்டு பிய்ந்தால் மறுபடி வெல்டிங்குக்கு வழியில்லை.

அப்போதுதான் பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

“சார், லிஃப்ட் வருமா வராதா? ஒண்ணு சொல்லுங்கோ. அவ ஆஸ்பத்திரிலேர்ந்து கெளம்பிட்டா.”

“வேலை நடக்குது சார்” என்றேன்.

“இன்னா சாமி, லிஃப்டு லிஃப்டுன்னுகினு. ரெண்டு மாடி ஏற முடியாதா உங்க ஆளுங்களுக்கு?” என்றார் பாய், தலையைத் திருப்பாமல்.

“என் ஆத்துக்காரிக்கு முதுகில ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆறது. சக்கர நாற்காலில வரா. தூக்கப்படாது, குலுக்கப்படாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். லிஃப்ட் இல்லேன்னா அவ கீழேயே உக்காந்து மேளச் சத்தத்தைக் கேட்டுட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒரே பொண்ணு.”

பாய் இப்போது தலையைத் திருப்பினார். பிறகு, “எந்தப் பக்கமா வர்றாங்க?” என்று கேட்டார்.

“மயிலாப்பூர் வழியா.”

“அங்க ரோடு தோண்டிக்கீறான். சாந்தோம் பக்கமா வரச் சொல்லு. போ, மொதல்ல அந்தப் போனப் போடு.”

அவர் சூடு காட்டக் கொண்டுவந்திருந்த காஸ் தீர்ந்தது. ஏழுமலை சமையலறைக்குப் போய் ஒரு சிலிண்டரை உருட்டி வந்தார். பின்னாலேயே தலைமைச் சமையல்காரரும் கரண்டியோடு வந்தார்.

“ஏம்பா, சாம்பார் கொதிக்கணுமா, உங்க ஆணி கொதிக்கணுமா?”

“ரெண்டும் கொதிக்கட்டும். உன் சாம்பார விட இது ருசியா இருக்கும்” என்றார் பாய்.

சுற்றிலும் இருந்த இரும்பு சிவந்தது. மெழுகுவர்த்தியைத் தொட்டார், மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. இந்த இடத்தில்தான் அவருக்கு நிசப்தம் வேண்டும். இரும்பு விட்டுக்கொடுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருமாம். அது கேட்டபின் ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். கேட்காமல் திருப்பினால் முறியும். நானும் ஏழுமலையும் சமையல்காரரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். பாய் எங்களை அடக்க வலது கை ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கி வேகமாக ஆட்டினார்.

ஜெனரேட்டர் கொட்டகைக்கு நேர் மேலே மண்டபத்தின் சன்னல். மின்விசிறி ஓடாததால் மேளக்காரர்கள் காற்றுக்காக அந்தச் சன்னலோரம் நகர்ந்திருந்தார்கள். தவில்காரர் கீழே நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் உயர்ந்து ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் யோசிப்பதில்லை, கைகளே செய்துவிடும்.

கெட்டிமேளம் முழங்கியது.

மேலே இருந்தவர்கள் அதற்குமேல் யோசிப்பார்களா? மண்டபம் முழுக்க எழுந்து அட்சதையை வீசியது. மேடையில் பெண்ணே இல்லையாம். கூறைப்புடவை மாற்றப் போயிருந்தாள். அத்தனை அரிசியும் மாப்பிள்ளை ஒருவர் தலையில் விழுந்தது. வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு, “யார் கை காட்டினா? மாங்கல்யம் இன்னும் தட்டுலதான் இருக்கு” என்று கேட்டது கொட்டகைவரை கேட்டது.

கீழே போனும் கையுமாக நின்ற பெண்ணின் அப்பா சன்னலை அண்ணாந்து பார்த்தார். அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டால்? வாத்தியார் மேலிருந்து குரல் கொடுத்தார்: “ஒத்திகைன்னு வெச்சுக்கோங்கோ. ஆசீர்வாதம் அதிகமா ஆனா ஒண்ணும் குத்தமில்லே.”

இந்த அமளியில் பாய் மட்டும் நிமிரவில்லை, காதுக்குக் கேட்காத ‘டிக்’கை ஸ்பேனரைத் தொட்ட விரலால் கேட்டார். மெதுவாக ஸ்பேனரை இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அவிழ்க்கும் பக்கம் ஒரு மயிரிழை. ஸ்டட் சுழன்று வெளியே வந்தது. இதற்கும் காரணம் தவில்தான், அதன் அதிர்வில்தான் ஸ்டட் இளகியது என்று தவில்காரர் பிறகு சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்து சாதித்தார். “அப்ப நாளைலேர்ந்து வெல்டிங் கடைல போய் வாசி” என்றார் பாய்.

புது ஸ்டட்டுகளைப் போட்டு, டர்போவை ஏற்றி, என்ஜினைக் கிளப்பியபோது கார் வாசலுக்கு வந்துவிட்டது. நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளினார்கள். நான் போய்ப் பார்க்கலாம் என்று பாயைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். திடீரென்று அதன் குரல் கனத்தது.

“ஏறிகினு கீறாங்க” என்றார்.

கொஞ்ச நேரத்தில் குரல் லேசானது.

“எறங்கிட்டாங்க.”

அதன் பிறகு வந்த கெட்டிமேளம், வாத்தியார் விரலுக்கு வந்தது.

அந்த அம்மா லிஃப்டில் கீழே இறங்கி, பந்தியில் சாப்பிட்டு முடிக்கும்வரை பாய் கொட்டகையைவிட்டு நகரவில்லை. கார் கிளம்பியபோதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். டிரைவரைப் பார்த்து, “நைனா, ரெண்டாவது கியருக்கு மேல போனே, எறக்கி வுட்டுட்டு நானே ஓட்டுவேன்” என்றார். பிறகு கார் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எதிரே வந்த ஆட்டோவை ஓரம்கட்ட வைத்தார். ஒரு தண்ணீர் லாரியைப் பின்னால் போகச் சொன்னார். பள்ளம் வந்த இடத்தில் காரை நிறுத்தி, சக்கரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குனிந்து காட்டினார்.

தெருமுனை திரும்பும்வரை அவர் எல்லோரையும் திட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கார் ஓர் இடத்தில்கூடக் குலுங்கவில்லை.