பெரியப்பாவுக்கு ஒரு மைக்

ஒரு காட்டில், சிங்கம் ஆண்டதெல்லாம் பழைய கதையாகி, கமிட்டி ஆண்டுகொண்டிருந்த நல்ல காலத்தில், தேன்மழை மெல்லிசைக் குழு என்று ஒன்று இருந்தது. மெல்லிசை என்று பேர்தான். கரடி டோலக்கில் கை வைத்தால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எழுந்து வந்து சண்டை பிடிப்பார்கள்.

குழுவில் யாருக்கும் பாட்டு பிழைப்பு இல்லை. பாடகர் நரிக்குப் பகலில் இன்சூரன்ஸ் வேலை. கரடிக்குத் தேன் கடை. தவளை தலைப்பிரட்டைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலமானால் கோரஸ் பாட வந்துவிடும். இவர்களைத் தவிர மேடையின் இடது ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, கவனித்திருக்கிறீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். அதுதான் நம் உடும்பு. பகலில் மின்கம்பம் ஏறும் லைன்மேன். மாலையில் கஞ்சிரா.

கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள், உடும்பின் எதிரில் மட்டும் பேச்சை எடுக்காதீர்கள். அது வாசித்துக்கொண்டிருந்தது அதன் சொந்தப் பெரியப்பாவை. அந்தக் குடும்பத்தில் சங்கீதம் அப்படித்தான் வழிவழியாக வந்துகொண்டிருந்தது. கச்சேரி தொடங்குமுன், "பெரியப்பாவுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்" என்று ஒதுங்கிப் போய், தோலில் இரண்டு சொட்டுத் தடவும். தண்ணீர் பட்டால்தான் தோல் இளகி, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல அந்தக் குரல் வரும்.

ஆனால் அந்தக் குரலை யார் கேட்டார்கள்? நரிக்கு ஒரு மைக், தவளைக்கு ஒரு மைக், கரடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மைக். கஞ்சிராவுக்கு என்று கேட்டால், "நரி மைக்லயே உன்னோடதும் விழும்ணே" என்று சொல்லிவிட்டு மைக்செட்டுக் குரங்கு டீ குடிக்கப் போய்விடும். ஒரு நாளும் விழுந்ததில்லை. 'உயிரோட இருந்தப்பவும் பெரியப்பாவைப் பேச விட்டதில்ல இந்த ஊரு, இப்பவும் விடலையே' என்று உடும்புக்கு உள்ளுக்குள் ஆற்றாமை பொங்கும். ஒரே ஒரு தடவை, ஒரு தனி மைக்கில், கடைசி வரிசை வரைக்கும் பெரியப்பா கேட்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அதற்குக் கிடையாது.

அந்த வருஷம் மழை விழா வந்தது. காட்டிலேயே பெரிய மேடை அதுதான். முன்பெல்லாம் குழுக்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கமிட்டி தேர்ந்தெடுக்கும். இந்தத் தடவை கமிட்டிச் செயலாளர் கீரி புதுத் திட்டம் ஒன்று போட்டது.

"எல்லாரையும் உட்கார்ந்து கேட்டா எங்க காது என்னத்துக்கு ஆகுறது? யாரும் வாசிக்க வேண்டாம். 'என்னால் மறக்க முடியாத மேடை'ன்னு செல்போன் கேமரா முன்னாடி ஆளாளுக்கு ஒரு அனுபவம் சொல்லுங்க. வீடியோவைப் போடுவோம். யாரோடதுக்கு ஹார்ட்டு அதிகமா விழுதோ, அவரோட குழுவுக்கு விழா மேடை. சொன்னவருக்கு நட்ட நடுவுல தனி மைக்!"

தனி மைக் என்ற வார்த்தை காதில் விழுந்ததோ இல்லையோ, உடும்பு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்து வரிசையில் நின்றது.

நாவல் மரத்தடியில் பந்தல் போட்டு, நடுவில் ஸ்டாண்டு வைத்து ஒரு மைக், அதற்கு எதிரே செல்போனைப் பிடித்துக்கொண்டு கீரி. வரிசை ஓடைக்கரை வரைக்கும் வளைந்து நின்றது. தேன்மழைக்காரர்கள் நாலு பேரும் அடுத்தடுத்து நின்றார்கள்.

முதலில் கரடி போய்த் தொண்டையைச் செருமியது.

"யானை வீட்டுக் கல்யாணம். எனக்குப் பொன்னாடை போத்தறேன்னு மாப்பிள்ளையோட அப்பா மேடை ஏறினாரு பாருங்க, ஏறினதுதான் தெரியும், மேடை மடமடன்னு உள்ளே போயிருச்சு! ஆனா நான் கையை எடுக்கலையே. கீழே போய்க்கிட்டே வாசிச்சேன். பலகைக்கு அடியில கிடந்தும் வாசிச்சேன்!"

"அடி சக்கை!" என்றது கீரி. கூட்டம் விசிலடித்தது.

உடும்புக்குத் தலை கிறுகிறுத்தது. கரடி பலகைக்கு அடியில் வாசித்ததா? 'ஐயோ அம்மா' என்று அலறியதல்லவா? அந்தப் புழுதியில் தாளம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது கஞ்சிரா ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நரி சரணத்துக்கே வந்து சேர்ந்தது.

அடுத்தது நரி. தலையைப் பின்னால் சிலுப்பிக்கொண்டது.

"காட்டெருமை வீட்டு வளைகாப்பு. ஜெனரேட்டர் புகையில மேலே இருந்த தேன்கூடு கலைஞ்சிருச்சு. ஜனங்க கையைக் காலை உதறிக் குதிக்குது. நான் என்ன நினைச்சேன்? நம்ம பாட்டுக்கு ஆடுறாங்கன்னு நினைச்சேன். சந்தோஷம் தாங்காம அதே பாட்டை மறுபடியும் எடுத்துட்டேன்! அந்த மாதிரி ஒரு ரசிகர் கூட்டத்தை நான் அப்புறம் பார்க்கவே இல்லை."

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. உடும்பு தன் இமையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அன்றைக்கு இரண்டு இமையும் வீங்கி, கண் தெரியாமல், அந்தப் பாட்டை இரண்டாம் தடவையும் அது வாசித்துத்தானே தொலைத்தது?

தவளை குதித்து ஸ்டாண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

"வயல்வரப்பு அம்மன் கொடைவிழா. முன்வரிசையில ஒரு சாரைப்பாம்பு தலையை ஆட்டி ஆட்டி ரசிக்குது. அருமையான ரசிகர்னு நானும் பக்கத்துல போய்ப் பாடினேன். கபக்குன்னு முழுங்கிருச்சு! இடுப்பு வரைக்கும் உள்ளே போயிட்டேன். போனா என்ன? கோரஸ் நிக்கலாமா? உள்ளே இருந்தே பாடினேன். சும்மா சொல்லக்கூடாது, எதிரொலி பிரமாதம்."

கீரி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. "அந்தப் பாம்பு இப்ப எங்கே இருக்கு?"

"அது தெரியலைங்க."

"விசாரிச்சுச் சொல்லு. அவசரமில்ல, சாப்பாட்டுக்கு முன்னாடி சொன்னாப் போதும்."

உடும்புக்குப் பொறுக்கவில்லை. தவளை இறங்கி வந்ததும் காதோரம் கேட்டது. "ஏம்ப்பா, உன் பின்னங்காலை வாயால கவ்வி வெளியே இழுத்தது யாரு? இழுத்துக்கிட்டே தாளமும் போட்டது யாரு?"

தவளை கண்ணை உருட்டி யோசித்தது. "அட, யாரோ இழுத்தாங்கதான். நீயாண்ணே அது? அன்னிக்கு நீ வந்திருந்தியா?"

எல்லாக் கச்சேரியிலும் உடும்பு இருந்திருக்கிறது. யார் ஞாபகத்திலும் இல்லை.

"அடுத்து!" என்றது கீரி.

உடும்பு பையிலிருந்து கஞ்சிராவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றது.

"யானை வீட்டுக் கல்யாணத்துல மேடை சரிஞ்சப்போ நான்..."

"அது கரடியோட அனுபவம். பதிவாயிருச்சு."

"அப்போ வளைகாப்புல தேனீ..."

"நரி சொல்லியாச்சு. ஒரே அனுபவத்தை ரெண்டு பேர் சொல்லக்கூடாது, விதி இருக்கு. உனக்குன்னு தனியா எதுவும் நடக்கலையா? விழுந்தது, எரிஞ்சது, அடி வாங்கினது?"

பொய் சொல்லலாம். பின்னாலிருந்து நரி, 'ஏதாவது அடிச்சு விடு' என்று கையைக் காட்டியது. ஆனால் பெரியப்பாவை அணைத்துக்கொண்டு பொய் சொல்ல உடும்புக்கு நாக்கு எழவில்லை.

"ஆத்தங்கரையில ஒரு கச்சேரிங்க. கடைசிப் பாட்டு. தாளத்துல ஒரு எண்ணிக்கை தப்பாம வந்து, முடிக்கிற தீர்மானம் அப்படியே நெத்தியில போய் உட்கார்ந்துச்சு. எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. அதை என்னால மறக்க முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்குப் போயிட்டோம்."

வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அது வரிசை முழுக்கப் பரவி, ஓடைக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "சரி, நகரு, அடுத்து!" என்று கீரி கையை நீட்டி மைக்கை இழுத்தது.

"ஒரு நிமிஷம்ங்க. பெரியப்பாவை மட்டும் இந்த மைக்ல ஒரே ஒரு தட்டு..." என்று உடும்பும் மைக்கைப் பிடித்தது.

இங்கேதான் ஒரு சங்கதி. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறோம்? அந்த ஜாதிக்கே ஒரு குணம் உண்டு. யாராவது இழுத்தால் பிடி இறுகும். விட்டுவிடு என்று மூளை கெஞ்சும், கை கேட்காது. கீரி இழுக்க இழுக்க உடும்பின் நகம் மைக்கோடு பூட்டிக்கொண்டது.

"விடுய்யா!"

"விடணும்னுதாங்க பார்க்கிறேன்! நீங்க இழுக்காதீங்க!"

யார் கேட்டார்கள்? கீரியின் வாலைப் பிடித்து நரி இழுத்தது. நரியைக் கரடி இழுத்தது. கரடியை வரிசை மொத்தமும் சேர்ந்து இழுத்தது. மைக்கோடு ஸ்டாண்டு வந்தது, ஸ்டாண்டோடு பந்தல்கால் வந்தது, பந்தல்காலோடு பந்தல் வந்தது. எல்லாரும் கீற்றுக்கு அடியில் கிடந்தார்கள். மேலே ஒரு கை மட்டும் மைக்கைப் பிடித்தபடி நீட்டிக்கொண்டிருந்தது. கீரியின் கையிலிருந்து தெறித்த செல்போன் நாவல் மரக்கிளையில் சிக்கி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

பொழுது விடிவதற்குள் அந்த வீடியோ காடு பூராவும் போய்விட்டது. மான்கள் மேய்ச்சலை மறந்து பார்த்தன. ஹார்ட்டு மழையாகக் கொட்டியது. மத்தியானத்துக்குள் அறிவிப்பு வந்தது. விழா மேடை தேன்மழைக்கு, நட்ட நடு மைக் உடும்புக்கு.

உடும்பு அழுதேவிட்டது. "பெரியப்பா, நாம கேட்டது கிடைச்சிருச்சு" என்று தோலைத் தடவித் தடவிச் சொன்னது.

விழா அன்றைக்கு மாலை தூறல் விட்டிருந்தது. இந்தக் காட்டில் இத்தனை ஜனமா என்று மலைக்கும்படி கூட்டம். உடும்பு ஓரமாகப் போய்ப் பெரியப்பாவுக்குத் தண்ணி காட்டிவிட்டு, மைக்கை வயிற்றுயரத்துக்கு இறக்கி வைத்து, நரி பல்லவியை எடுத்ததும் மெல்ல ஒரு தட்டுத் தட்டியது.

தும்ம்ம் என்று அந்தக் குரல் கிளம்பியது. முன்வரிசையைத் தாண்டி, பஜ்ஜிக் கடையைத் தாண்டி, கடைசி வரிசையில் நின்ற ஒட்டகச்சிவிங்கி வரைக்கும் போனது. நம் காட்டில் ஒட்டகச்சிவிங்கி ஏது என்று கேட்காதீர்கள், விழாவுக்கு வந்த விருந்தாளி. உடும்புக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'பேசுங்க பெரியப்பா, பேசுங்க' என்று வாசித்தது. தன் ஆயுசில் அப்படி அது வாசித்ததே இல்லை.

முதல் பாட்டு முடிந்தது. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"என்னய்யா இது, வாசிக்குது?" என்றது ஒரு காட்டுப்பன்றி. "எப்போ பிடிக்கும்?"

"பிடி! பிடி!" என்று ஒரு மூலையில் கிளம்பியது. மைதானம் முழுக்கப் "பிடி! பிடி!" என்று அதிர்ந்தது.

கீரிக்குக் கூட்டத்தின் நாடி தெரியும். நரி அடுத்த பாட்டைத் தொடங்கியதும் கீரி சிரித்துக்கொண்டே மேடையேறி, ஸ்டாண்டிலிருந்து மைக்கை உருவி உடும்பின் கையில் திணித்து, திணித்த கையோடு ஒரே இழுப்பு இழுத்தது.

அவ்வளவுதான். கை பூட்டிக்கொண்டது. மற்றக் கையும் துணைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டது. கஞ்சிரா வாசிக்க இரண்டு கை வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று தட்ட. பெரியப்பா நழுவித் தரையில் விழுந்து, ஒரு வட்டம் உருண்டு, கரடியின் காலடியில் போய்ப் படுத்தார்.

தாளம் போனதும் பாட்டு மூன்றாகப் பிரிந்தது. நரி சரணத்தில் நின்றது, கரடி பல்லவியில் நின்றது, தவளை வேறு ஏதோ பாட்டுக்குப் போய்விட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உடும்பு மைக்கைப் பிடித்தபடி, "பெரியப்பா... யாராவது பெரியப்பாவை எடுத்துக் குடுங்களேன்" என்று விம்மியது. அது மைக்கில் நன்றாகவே கேட்டது. "நடிப்பும் வருதுய்யா!" என்று காட்டுப்பன்றி மெச்சிக்கொண்டது.

அதற்கப்புறம் உடும்புக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். போகும், பிடிக்கும், இழுப்பார்கள், வரும். பெரியப்பா தண்ணி காணாமல் பைக்குள் விறைத்துக் கிடந்தார்.

அடுத்த மழை விழா வந்தபோது நாவல் மரத்தடியில் மறுபடியும் வரிசை. உடும்பு இப்போது சிறப்பு விருந்தாளி. பந்தலில் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். கரடி கேமரா முன்னால் நின்று முழங்கியது.

"என்னால மறக்க முடியாத மேடைன்னா, போன மழை விழாதான். அன்னிக்கு எங்க உடும்பு இருந்துச்சு பாருங்க, அதை உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்!"

நாற்காலியில் உடும்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசியில் ஒருத்தர் ஞாபகத்தில் அது இருக்கிறது!

வரிசையில் புதிதாக வந்திருந்த காட்டுக்கோழி ஒன்று கேட்டது. "அண்ணே, உங்க குழுவுல உடும்பு என்ன வாசிக்கும்?"

கரடி தலையைச் சொறிந்தது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது.

"வாசிக்கிறதா?" என்றது. "அது மைக் பிடிக்கும்."

நீதி: திறமைசாலிக்கு மைக் கட்டாயம் கிடைக்கும். வாங்கிக்கொள்ள இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், பெரியப்பாவைக் கீழே போட்டுவிட்டு வரவும்.